மஞ்சள் வேறு, மஞ்சள் மாத்திரை வேறு

கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டு எழுந்த யூத ஆலயத்தின் கல்வெட்டு இன்று மட்டாஞ்சேரி பரதேசி ஆலயத்தில் இருக்கிறது. பழைய ஆலயம் அழிந்துவிட்டது. அந்தப் பகுதியின் நறுமணப் பொருள் வியாபாரம் அழியவில்லை. மிளகும் சுக்கும் ஏலமும் மஞ்சளும் பல நூற்றாண்டுகளாகக் கைமாறிய கரை இது. இங்கே மஞ்சள் பார்ப்பவர்கள் மேல்தோலின் மினுமினுப்பை நம்புவதில்லை. விரலியை எடுத்து ஒடிப்பார்கள். உலோகம் தெறித்தாற்போல ஒலி கேட்டால் நன்றாக வெந்து காய்ந்த சரக்கு. ஒடிந்த முகத்தில் வெளிர் மஞ்சள் தெரிந்தால் ஒரு விலை, ஆரஞ்சு கலந்த செம்மஞ்சள் தெரிந்தால் இன்னொரு விலை. தொடுபுழை, மூவாற்றுப்புழை மலைச்சரிவுகளில் விளைந்து, ஆலப்புழைத் துறைமுகத்தின் பெயரால் உலகச் சந்தைக்குப் போன ஆலப்பி விரலியில் மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமின் 5 முதல் 6.5 சதவீதம் வரை இருக்கும். ஈரோட்டு மஞ்சளில் அது 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதனால்தான் ஆலப்பி மஞ்சளுக்குச் சாயமும் சத்தும் பிரிக்கும் ஆலைகளில் மவுசு. 1972-இல் கோலஞ்சேரியை அடுத்த கடயிருப்பில் சிந்தைட் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, கொச்சியைச் சுற்றிய பகுதி நறுமணப் பொருள்களிலிருந்து ஓலியோரெசின் என்னும் பிசின்சாறு எடுக்கும் தொழிலில் உலக அளவில் பெயர் பெற்றது. உலகெங்கும் விற்கும் மஞ்சள் மாத்திரைகளில் பலவற்றின் உள்ளடக்கம் இந்த எர்ணாகுளம் மாவட்டத்து ஆலைகளின் வழியாகப் போகிறது.

வியாபாரிக்கும் ஆலைக்காரருக்கும் தெளிவாகத் தெரிந்த ஓர் உண்மையை மாத்திரை வாங்குகிறவர் மட்டும் மறந்துபோகிறார். ஆலைக்குள் போகும் மஞ்சளும் ஆலையிலிருந்து வெளிவரும் பொடியும் ஒரே பொருள் அல்ல. உள்ளே போவது கிழங்கு: மாவுச்சத்து, நார், எண்ணெய், ஈரம், இவற்றோடு நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு குர்குமினாய்டு எனும் குர்குமின் வகைச் சேர்மங்கள். அதை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சிய பிசினிலிருந்து படிகமாக்கி எடுத்தால் 95 சதவீதம் குர்குமினாய்டு கொண்ட செம்மஞ்சள் பொடி கிடைக்கும். கரும்பிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுப்பதைப் போன்ற வேலை இது. இதைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொடியைக் கேப்சூலில் அடைத்து விற்கும்போது, கிழங்கு ஈட்டிய நற்பெயர் முழுவதையும் அதன் மேல் ஒட்டி விற்கிறார்களே, அதைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது.

இன்று பரவலாக இருக்கும் கருத்து இதுதான்: மஞ்சள் நம் முன்னோர் காலங்காலமாகச் சாப்பிட்டது, ஆகவே மாத்திரையால் தீங்கு வராது. சமையலில் போடும் மஞ்சள் உடம்பில் சேர்வதில்லை, ஆகவே மாத்திரை வேண்டும். வாங்கும்போது 95 சதவீதம் என்று போட்டிருக்கிறதா, மிளகுச்சத்து சேர்ந்திருக்கிறதா, மில்லிகிராம் அதிகமா என்று பார்த்து வாங்கு. மருந்துக் கடைக்காரர் சொல்வதும் இதுதான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதும் இதுதான், சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு டப்பா டப்பாவாக வாங்கி அனுப்புவதும் இதை நம்பித்தான். இந்தக் கருத்தின் முதல் வாக்கியமும் இரண்டாவது வாக்கியமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அது பாட்டியின் மஞ்சள். பலனைப் பற்றிப் பேசும்போது அது பாட்டியின் மஞ்சளைவிட இருபது மடங்கு வலிமையான புதுப் பொருள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து நடக்கிற வாதம் இது.

முதலில் அளவைப் பார்ப்போம், ஏனென்றால் டப்பாவில் எழுதியிருக்கும் மில்லிகிராம்தான் பெரும்பாலோரைக் குழப்புகிறது. இந்தியச் சமையலில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் மஞ்சள் உண்பதாகவும், அதில் 60 முதல் 100 மி.கி. குர்குமின் இருப்பதாகவும் ஆய்வுக் கட்டுரைகள் கணக்கிடுகின்றன. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு கேப்சூலில் 95 சதவீதச் சாறு 500 மி.கி. இருக்கிறது, அதாவது குர்குமினாய்டு 475 மி.கி. இதை ஈரோட்டு மஞ்சள் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 16 கிராம் வேண்டும். தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து கரண்டிக்குக் குறையாது. வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வாரம் சாம்பாரிலும் ரசத்திலும் மீன்குழம்பிலும் சேர்கிற மஞ்சளின் சாரம் ஒரே விழுங்கில் போகிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் அது இரு மடங்கு. இன்னொரு டப்பாவில் ‘மஞ்சள் 500 மி.கி.’ என்று மட்டும் இருக்கும். அது வெறும் தூள் என்றால் 3 சதவீதக் கணக்கில் குர்குமின் 15 மி.கி. தாண்டாது, ஒரு நாள் சமையலில் அதைவிட அதிகம் கிடைக்கும். மூன்றாவது டப்பாவில் எண்ணெயோ கொழுப்புப் பூச்சோ வேறு பசையோ சேர்த்த கலவை 500 மி.கி. என்றிருக்கும், அதில் குர்குமின் எவ்வளவு என்று தேட வேண்டியிருக்கும். மூன்றிலும் முன்பக்கத்து எண் ஒன்றே. ஒன்று வீட்டுச் சமையலைவிடக் குறைவு, ஒன்று பல மடங்கு அதிகம். ‘தினம் 500 மி.கி. எடுங்கள்’ என்று யாராவது அறிவுரை சொன்னால், எதில் 500 என்று சொல்லாத வரை அந்த அறிவுரைக்குப் பொருளே இல்லை.

மரபு என்று பேசுகிறவர்கள் மரபின் அளவையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்திய ஆயுர்வேத மருந்துநூல் மஞ்சள் தூளுக்கு வகுத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு 1 முதல் 3 கிராம். 3 சதவீதக் கணக்கில் அதில் இருப்பது 30 முதல் 90 மி.கி. குர்குமின். அதாவது சமையல் அளவை ஒட்டியே மருந்தின் அளவும் நிற்கிறது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, உணவு நிறமியாகக் குர்குமினை வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொள்ளத்தக்க அளவை உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. இதைத் தாண்டினால் உடனே நஞ்சு என்று பொருள் இல்லை. அது எச்சரிக்கையோடு போட்ட வரம்பு. ஆனால் ஒரே கேப்சூல் அந்த வரம்பை இரண்டரை மடங்குக்கு மேல் தாண்டுகிறது என்பதும், அந்த விவரம் டப்பாவில் எங்கும் இருப்பதில்லை என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா? மரபைச் சாட்சிக்கு அழைத்தால் அது மாத்திரைக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

‘12 கிராம் வரைக்கும் பாதுகாப்பானது என்று ஆய்வே சொல்கிறதே’ என்பது அடுத்த பதில். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 2006-இல் அமெரிக்காவில் 24 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 500 மி.கி.யிலிருந்து 12,000 மி.கி. வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை. மாதக்கணக்கில் அல்ல, தினமும் அல்ல. ஏழு பேருக்குச் சிறு உபாதைகள் வந்தன, பெரிய தீங்கு இல்லை. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை விளம்பரம் எடுத்துச் சொல்வதில்லை: 8,000 மி.கி. வரை கொடுக்கப்பட்டவர்கள் யாருடைய இரத்தத்திலும் குர்குமின் அளவிடத்தக்க வகையில் தென்படவே இல்லை. அதற்கு மேல் எடுத்தவர்களில் இருவருக்கு மட்டும் சொற்பமாகத் தெரிந்தது. குடலுக்குள் போய், பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிய பொருளைப் பற்றிய பாதுகாப்புச் சான்று அது. உடம்புக்குள் புகாததால் தீங்கு செய்யாமல் இருந்த ஒன்றின் நன்னடத்தைச் சான்றிதழை, உடம்புக்குள் புகும்படி திருத்தி அமைத்த வேறொன்றுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ‘எங்கள் தயாரிப்பு 20 மடங்கு உறிஞ்சப்படுகிறது’ என்று ஒரு நிறுவனம் சொல்லும் அந்த நொடியில் பழைய பாதுகாப்பு ஆய்வுகள் அனைத்தையும் அது கைவிட்டாக வேண்டும். உறிஞ்சும் அளவு மாறினால் மருந்தின் அளவும் மாறும், அபாயமும் மாறும். பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2022-இல் இதையேதான் சொன்னது: 60 கிலோ எடையுள்ளவர் மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 153 மி.கி. குர்குமினைத் தாண்ட வேண்டாம். உறிஞ்சுதலைக் கூட்டிய புது வடிவங்களுக்கோ இந்த வரம்பே பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இருபது மடங்கு என்ற எண்ணும் நம் பக்கத்து ஊரிலிருந்து போனதுதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் தெரிந்த குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. கேட்க மலைப்பாக இருக்கிறது. கூடியது எதிலிருந்து? ஏறத்தாழ ஒன்றுமில்லாத அளவிலிருந்து. சொற்பம் இருபது மடங்கானாலும் சொற்பமே, அதுவும் விரைவில் வடிந்துவிட்டது. பின்னால் வந்த பல தயாரிப்புகளின் ‘பன்மடங்கு’ கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கல்லீரலும் குடலும் குர்குமினை வேறு மூலக்கூறோடு இணைத்து வெளியேற்றத் தயாராக்கி வைத்த கழிவு வடிவத்தையும் ஆய்வுக்கூடத்தில் நொதி சேர்த்து உடைத்து, அதையும் குர்குமின் என்றே எண்ணிக் கூட்டிச் சொல்கிறார்கள். உடம்பு தள்ளிவிட ஒதுக்கியதும் வரவுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

பைப்பரின் ஒன்றும் ரசத்தில் போட்ட மிளகு அல்ல என்பதற்கு இந்தியாவிலேயே அழுத்தமான சான்று உண்டு. ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள், பைப்பரின் சேர்த்தால் மற்ற மருந்துகள் உடம்பில் அதிகம் தங்குகின்றன என்று கண்டறிந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் விளைவாக 2009-இல் ரிசோரின் என்ற காசநோய் மருந்து சந்தைக்கு வந்தது. வழக்கமாக 450 மி.கி. கொடுக்கும் ரிஃபாம்பிசினை 10 மி.கி. பைப்பரின் சேர்த்து 200 மி.கி.யாகக் குறைத்தார்கள். நம் விஞ்ஞானிகளின் பெருமைக்குரிய வேலை அது. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய பாடம் என்ன? சில மில்லிகிராம் பைப்பரின் போதும், இன்னொரு மருந்தின் அளவையே பாதியாக்க வேண்டிய அளவுக்கு உடம்பின் வேலை மாறுகிறது. அப்படியானால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர், இரத்த அழுத்தத்துக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர், மூச்சுத்திணறலுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர் இந்த மஞ்சள் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால், அவருடைய மருந்தின் அளவு மருத்துவருக்குத் தெரியாமலே கூடும். ‘மிளகுச்சத்து சேர்ந்ததா என்று பார்த்து வாங்கு’ என்ற அறிவுரை, அறுபது வயதைத் தாண்டி நாளுக்கு நாலைந்து மாத்திரை விழுங்குகிற ஒருவருக்குச் சொல்லப்படும்போது, அது பொறுப்பில்லாத அறிவுரை.

கல்லீரலுக்கு வருவோம், ஏனென்றால் விவாதம் முடிவாவது இங்கேதான். மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க மருத்துவ வலையமைப்பு 2004-க்கும் 2022-க்கும் இடையில் மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்டு வந்த பத்து நோயாளிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பத்துப் பேருமே 2011-க்குப் பிறகு வந்தவர்கள். சந்தையில் மாத்திரை பெருகிய காலமும் அதுவே. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். சோதிக்கக் கிடைத்த ஏழு மாத்திரைகளிலும் மஞ்சள் இருப்பது உறுதியானது, மூன்றில் பைப்பரினும் இருந்தது. பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது: எச்.எல்.ஏ-பி 35:01. இத்தாலியில் 2019 வாக்கில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவானது. 2022-இல் அந்நாட்டு அரசு, மஞ்சள் மாத்திரைகள் கல்லீரலுக்கு நல்லவை என்று விளம்பரம் செய்வதைத் தடுத்து, எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் 18 புகார்களைப் பரிசீலித்தது; ஒன்பதில் மஞ்சள் தயாரிப்பே காரணமாக இருக்கலாம் என்று கண்டது, அவற்றுள் ஒன்று மரணம். மஞ்சள் என்றால் கல்லீரலுக்கு உகந்தது என்று நம்பி வாங்குகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும். ஒன்று, அது கலப்படத்தின் வேலை என்பது. மஞ்சளில் கலப்படம் உண்மைதான். நிறம் கூட்ட ஈயக் குரோமேட் தடவுவதைத் தெற்காசிய நகரங்களில் நடந்த ஆய்வு காட்டியது, பாட்னாவில் கிடைத்த மாதிரிகளில் ஈயம் அச்சமூட்டும் அளவில் இருந்தது. வங்காளதேசம் 2019-க்குப் பிறகு கடுமையாக நடவடிக்கை எடுத்து அந்தக் கலப்படத்தை ஏறத்தாழ ஒழித்தும் காட்டியது. ஆனால் ஈயம் தாக்குவது முக்கியமாக மூளையையும் இரத்தத்தையும். மேலே சொன்ன கல்லீரல் நோய் அதன் முகம் அல்ல. இத்தாலியில் அந்த மாத்திரைகளைச் சோதித்தபோது கல்லீரலைக் கெடுக்கும் கலப்படம் எதுவும் அகப்படவில்லை. ஆகவே ‘சுத்தமானதாகப் பார்த்து வாங்கினால் போதும்’ என்ற ஆறுதல் இங்கே பலிக்காது. மற்றொன்று, கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள், பாதிக்கப்பட்டவர்கள் சொற்பம் என்பது. அது நேர்மையான வாதம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை எடுக்கும் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. ஆனால் அரிதான அபாயத்தை எதற்காக ஏற்கிறோம் என்ற கேள்வி எஞ்சுகிறது. நிமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்திலும் அரிதான அபாயம் உண்டு. அங்கே தட்டில் மறுபக்கம் உயிர் இருக்கிறது. நோய் ஏதுமின்றி, ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்று விழுங்கும் மாத்திரையில் மறுபக்கம் என்ன இருக்கிறது? அதோடு, யாருக்கு அந்த மரபணு இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

மறுபக்கம் வெறுமையாக இல்லை என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மூட்டுவலியில் ஓரளவு பலன் இருக்கிறது. தாய்லாந்தில் 367 முழங்கால் தேய்மான நோயாளிகளை வைத்து நான்கு வாரம் நடந்த ஆய்வில், தினம் 1,500 மி.கி. மஞ்சள் சாறு, 1,200 மி.கி. ஐபுப்ரோஃபெனுக்கு ஏறத்தாழ இணையாக வலியைக் குறைத்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், நூறு மில்லிமீட்டர் வலி அளவுகோலில் வெற்று மாத்திரையைவிட 9 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது, ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டின் வீக்கமும் நீரும் மாறவே இல்லை. பெருங்குடல் புண் நோயில் ஜப்பானிய ஆய்வொன்று தெளிவான பலனைக் காட்டியது: வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் சேர்த்தவர்களில் ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் குறைவு, சேர்க்காதவர்களில் 20 சதவீதம். இவற்றை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை, ஏனென்றால் இவை என் வாதத்துக்கே வலு. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட நோய், ஒரு குறிப்பிட்ட சாறு, ஒரு குறிப்பிட்ட அளவு, ஒரு குறிப்பிட்ட காலம், மேலே ஒரு மருத்துவரின் கண்காணிப்பு. இது மருந்தைக் கையாளும் முறை. ‘பொதுவாக உடம்புக்கு நல்லது’ என்று காலவரையின்றி விழுங்குவதற்கு இதிலிருந்து அனுமதி கிடையாது.

தோற்ற ஆய்வுகளையும் அதே மூச்சில் சொல்வதுதான் நேர்மை. கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி அறுவை சிகிச்சைக்கு வந்த 606 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அறுவையையொட்டிய நான்கு நாளில் குர்குமின் கொடுத்தால் அழற்சி குறைந்து உறுப்புகள் காக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். அழற்சி குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்போ குர்குமின் எடுத்தவர்களில் 17 சதவீதமாகவும், எடுக்காதவர்களில் 10 சதவீதமாகவும் இருந்தது. அல்சைமர் நோயில் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் கொடுத்துப் பார்த்தார்கள், நினைவாற்றலில் முன்னேற்றம் இல்லை. இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுவதால் அவர்களுக்கு மறதிநோய் குறைவு என்று பரவும் செய்தியை நம்பித் தாய்தந்தையருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்கள் இந்த இரண்டு ஆய்வையாவது அறிந்திருக்க வேண்டும். சோதனைக்குழாயில் குர்குமின் எதைத் தொட்டாலும் வேலை செய்வதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அது புரதங்களோடு தாறுமாறாக ஒட்டும், தானே ஒளிரும், கரைசலில் விரைவில் சிதையும். அளவிடும் கருவியையே ஏமாற்றும் குணம் அது. 2017-இல் அமெரிக்க வேதியியல் இதழொன்றில் நெல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளை ஆய்ந்து, ஐயத்துக்கிடமில்லாத வெற்றி ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். குர்குமின் ஆராய்ச்சியில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட டெக்சாஸ் ஆய்வுக்கூடம் ஒன்றின் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டதும் இதே துறையில் நடந்ததுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘இதெல்லாம் நம் மஞ்சளை மட்டம் தட்டும் வெளிநாட்டுச் சதி’ என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குப் பின்னால் நியாயமான ஒரு நினைவு இருக்கிறது. 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் தூளால் புண்ணை ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தது அமெரிக்கா. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களை ஆதாரமாக வைத்து எதிர்த்து வாதாடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் எதை வைத்து வென்றோம்? எழுதி வைத்த சான்றை வைத்து, இன்ன பொருள் இன்ன புண்ணுக்கு இன்ன முறையில் என்ற துல்லியத்தை வைத்து. அந்த வழக்கில் பேசப்பட்டது மஞ்சள் தூள். கரைப்பானில் பிரித்த 95 சதவீதப் பொடியைப் பைப்பரினோடு சேர்த்து மாதக்கணக்கில் விழுங்குவதைப் பற்றி நம் பழைய நூல் எதிலும் ஒரு வரி கிடையாது. சான்றைக் காட்டு என்று அன்று அமெரிக்காவிடம் கேட்ட நாம், அதே கேள்வியை இன்று மாத்திரை டப்பாவிடம் கேட்கக் கூசக்கூடாது.

ஈரோட்டு விவசாயியும் கொச்சித் தொழிலாளியும் பாதிக்கப்பட மாட்டார்களா என்பது என்னை அதிகம் தயங்க வைக்கும் கேள்வி. மஞ்சள் விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுவது அவர்கள்தாம். ஆனாலும் நம் நாட்டு மஞ்சளில் மிகப் பெரும்பகுதி இன்றும் போவது அடுப்படிக்கே. சாறும் உணவு நிறமியாக, மசாலாவாக நெடுங்காலம் விற்கும். ஒரு நாட்டு அரசு எச்சரிக்கை விடும்போதெல்லாம் ‘மஞ்சள்’ என்ற பெயரே செய்தியில் அடிபடுகிறது, மாத்திரை என்ற சொல் பின்னால் போய்விடுகிறது. இரண்டையும் பிரித்துப் பேசாவிட்டால், மாத்திரையின் பழி கிழங்கின் மேல் விழும். விவசாயிக்கு நட்டம் அப்போதுதான் வரும்.

சட்டமும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. ஒரே குர்குமின் கேப்சூலை உணவுத் துணைப்பொருள் என்ற உரிமத்திலும் விற்கலாம், ஆயுர்வேதத் தனியுரிம மருந்து என்ற உரிமத்திலும் விற்கலாம். முதல் வகை டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டாக வேண்டும். அதே டப்பாவின் முகப்பில் முழங்கால் படம் இருக்கும். எந்த உரிமமானாலும், குர்குமினாய்டு எத்தனை மில்லிகிராம், பைப்பரின் எத்தனை மில்லிகிராம், கல்லீரல் நோய் உள்ளவர் தவிர்க்க வேண்டும் என்ற மூன்று விவரங்களும் முன்பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும் மற்ற வட்டார மொழிகளிலும் இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஆயுஷ் அமைச்சகத்துக்கும் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமே கொச்சியில் இருக்கும்போது, ஏற்றுமதித் தரத்துக்குக் காட்டும் அக்கறையை உள்ளூர் டப்பாவுக்கும் காட்டச் சொல்வது மிகையான கோரிக்கை அல்ல.

ஆகவே சமையலில் மஞ்சளைக் குறைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் குழம்பு மஞ்சளைப் பற்றியது அல்ல. நோய் எதுவும் இல்லையென்றால் மாத்திரை வேண்டாம். முழங்கால் வலிக்கு எடுத்துப் பார்க்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குர்குமினாய்டு அளவைத் தெளிவாகப் போட்ட, பைப்பரின் சேராத ஒன்றைத் தேர்ந்து, நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மட்டும் எடுங்கள். வலி குறையவில்லையென்றால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்கள் தொட வேண்டாம், 20 மி.கி. குர்குமினே பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் டாக்ரோலிமஸ் எடுப்பவர்களும், கல்லீரல் நோயுள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அப்படியே. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மஞ்சள் தூள் மாத்திரையில் உள்ள ஆக்சலேட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ‘அது மஞ்சள்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் சிறுநீர் கருத்துப் போனாலோ, கண் வெள்ளை மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ, பசி அறவே கெட்டாலோ, அன்றைக்கே நிறுத்திவிட்டு அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.